மற்றும் பலர்

பதினாலாவது கேள்வியை மட்டும் அவள் பதினோரு நாளாக நிரப்பாமல் வைத்திருந்தாள்.

வக்கீலாகப் பதிவதற்கான விண்ணப்பப் பாரத்தில் மற்றதெல்லாம் எழுதியாகிவிட்டது. அப்பா தொழில் என்ற இடத்தில் 'தையல்', அம்மா தொழில் என்ற இடத்தில் 'மருத்துவமனைத் துப்புரவு, ஒப்பந்தம்' என்று பேனா அழுந்த எழுதினாள். வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த இடத்தில் எழுத வக்கீல் அப்பாவே இருந்தார். இருக்கட்டும். பிரச்சினை பதினாலுதான். 'உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா? ஆம் / இல்லை. ஆம் எனில் விவரம் தருக.'

இன்று வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு வக்கீல் பதிவு அலுவலகத்தில் கவுண்டரை மூடிவிடுவார்கள். விட்டால் இனி அடுத்த வருஷம்.

தன் மேல் வழக்கு இருக்கிறதா இல்லையா என்பது சட்டம் படித்து முடித்தவளுக்கே தெரியவில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால், போன ஆட்சியில், விடுதியைப் பாதி வருஷத்தில் இழுத்து மூடியதற்காகக் கல்லூரி வாசலில் மறியல் நடந்தது. மைக்கைப் பிடித்தவள் இவள். அன்றிலிருந்து 'மைக்கு' என்பதே பெயராக ஒட்டிக்கொண்டது. போலீஸ் போட்ட வழக்கில் நாலு பையன்களின் பெயர் இருந்தது. அதற்குப் பிறகு இரண்டே வார்த்தை: மற்றும் பலர். அந்தப் பலரில் நான் உண்டா என்று ஸ்டேஷனில் போய்க் கேட்டால், "வா வா, எழுதிக்கறேன்" என்று பேனாவை எடுப்பார்கள். கேட்காவிட்டால் அவர்களுக்குத் தோன்றுகிற நாளில் எழுதிக்கொள்வார்கள்.

அன்றைக்கு மறியலுக்கு வந்து பேசியவர் எதிர்க்கட்சியின் வக்கீல். "பேரே இல்லாத ஆளு மேல கேஸ் போடறவன் அரசாங்கம் நடத்தல, ஆள் பிடிக்கிறான்! நாங்க வந்தா முதல் கையெழுத்து இந்தக் கேஸ் வாபஸ்!" இவள் தட்டிய கைதட்டலில் உள்ளங்கை எரிந்தது. தேர்தலுக்குச் சுவர் எழுதினாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சுவரில் 'ஒப்பந்த முறை ஒழியும்' என்று ஆளுயரத்தில் எழுதியது இவள் கைதான். அவர்கள் வந்தார்கள். எட்டு மாசம் ஆகிறது. முதல் கையெழுத்து வேறு எதற்கோ போனது. கட்சி வக்கீல் அரசு வக்கீல் ஆனார். வழக்கு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இவள் அவர் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள். பதிவு முடிந்ததும் ஜூனியராகச் சேர்த்துக்கொள்வதாகப் பேச்சு.

காலையில் கிளம்பும்போது அப்பா கறுப்புக் கோட்டை எடுத்துவந்தார். தோளில் அளவு பார்க்க ஓட்டிய வெள்ளை நூலோட்டத்தை இன்னும் பிரிக்கவில்லை.

"ஒரு தடவை போட்டுப் பாரேன். தோள்ல பிடிக்குதான்னு."

"அப்பா, நாலு தடவை போட்டாச்சு. பிடிக்கல."

"பிடிக்கலன்னா நல்லா இல்லைன்றியா, இறுக்கலைன்றியா?"

"வக்கீலம்மாவைக் குறுக்கு விசாரணை பண்ணாதீங்க, ஜெயிக்க மாட்டீங்க" என்றாள் அம்மா. அவள் கையில் அந்தப் பை. கோட்டில் மிஞ்சிய கறுப்புத் துணியில் அப்பா தைத்தது. துணி பற்றாததால் கைப்பிடி மட்டும் வெள்ளை. அதற்கு 'வக்கீல் பை' என்று பேர் வைத்து, ஆஸ்பத்திரி முழுக்கக் காட்டிவிட்டாள். "எங்க நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டேன்டி. இன்னைக்கு எம்பொண்ணு வக்கீலாயிடுவா."

"இன்னைக்கு விண்ணப்பம்தாம்மா குடுக்கறேன்."

"குடுத்தா ஆயிடுவேல்ல?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஆபீஸில் சார் அவளுக்காகக் காத்திருந்தது போலக் கூப்பிட்டார். "மைக்கு, இதைச் சுத்தமா அடிச்சுக் குடும்மா. ஸ்டேஷன்ல எழுதினது, கோழி கிண்டின மாதிரி இருக்கு. ஒரு மணிக்குக் கான்ஸ்டபிள் வாங்க வருவார்."

நாலு பக்கம். செவ்வாய்க்கிழமை பெரிய ஆஸ்பத்திரி வாசலை ஒப்பந்தப் பணியாளர்கள் மறித்த வழக்கு. பணி நிரந்தரம் கேட்டார்களாம், தேர்தலில் சொன்னதைக் கேட்டார்களாம். நாலு பெயர். அப்புறம் 'மற்றும் பலர்'. பின்னால் ஒரு புகைப்படத்தைக் குத்தியிருந்தார்கள். நாலு முகத்துக்குச் சிவப்பு மையில் வட்டம்.

வட்டத்துக்கு வெளியே, கேட்டின் ஓரத்தில், முகம் பாதி மறைந்து ஒருத்தி கையை உயர்த்தியிருந்தாள். உயர்த்திய கையில் ஒரு பை தொங்கியது. கறுப்புப் பை, வெள்ளைக் கைப்பிடி.

படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தாள். செவ்வாய்க்கிழமை ஏன் நேரமாகிவிட்டது என்று கேட்டதற்கு, "லிப்ட் ரிப்பேர்டி, ஆறு மாடிப் படியும் கழுவினோம்" என்றாள் அம்மா. பொய் சொல்லத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே! படத்தில் அம்மாவுக்குப் பின்னால், எதிர்ச்சுவரில், இவள் எழுதிய எழுத்து பாதி தெரிந்தது. 'ஒழியும்.'

காகிதத்தை எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனாள்.

"சார், நாலு பேரைத்தானே வட்டம் போட்டிருக்காங்க. 'மற்றும் பலர்' எதுக்கு?"

"அது ஒரு வசதிம்மா." அவர் நிமிரவில்லை. "நாளைக்கு எவனாவது துள்ளினா எடுத்துச் சேத்துக்கலாம். துள்ளலைன்னா வீட்ல இருக்கட்டும், நாம ஏன் தொந்தரவு பண்ணப் போறோம்?"

"நீங்கதான் சார் அன்னைக்கு மேடையில..."

"மேடைல பேசினதை மேஜைல வெச்சா ஆபீஸ் நடக்குமா?" சிரித்தார். நல்ல மனிதர் சிரிக்கிற மாதிரியே சிரித்தார், அதுதான் பயமாக இருந்தது. "உன் பாரம் குடுத்தாச்சா?"

"இன்னைக்கு சார். அந்தப் பதினாலாவது கேள்வி..."

"இல்லைன்னு போட்டுட்டுப் போ. அந்தப் பழைய கேஸ் கட்டு என் அலமாரியிலதான் தூங்குது. உன் பேரு ஏறாம நான் பாத்துக்கறேன். நம்ம ஆளா இருக்கிற வரைக்கும் உனக்கு என்ன பயம்?"

அந்த 'வரைக்கும்' அவள் கூடவே வெளியே வந்தது. டைப் அடிக்க உட்கார்ந்தபோது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

மூன்று பக்கத்தை எழுத்துப் பிசகாமல் அடித்தாள். நாலாவது பக்கத்தில் நாலாவது பெயர் வந்தது. விரல் நின்றது. அடித்தாள். 'மற்றும் பலர்.' திரையில் கர்சர் அதன் பின்னால் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பின்னோக்கி அழிக்கிற பொத்தானை விரல் தொட்டது. ர் போயிற்று. ல போயிற்று. எட்டு, ஒன்பது தட்டு இருக்கும். யாரோ செய்வதைப் பார்ப்பது போல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது பெயருக்குப் பிறகு புள்ளி வைத்தாள்.

வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, ஒத்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஆபீஸில் எந்தக் காகிதமும் ஒத்துப் பார்க்காமல் சார் மேஜைக்குப் போகாது. டைப் அடித்தவர் சுத்தப் பிரதியை உரக்கப் படிக்க வேண்டும். குமாஸ்தா மூலத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். முடிந்ததும் ஓரத்தில் 'ஒத்துப் பார்த்தது' என்று எழுதி இரண்டு பேரும் சின்னக் கையெழுத்துப் போடுவார்கள். சார் அந்தக் கையெழுத்தை மட்டும் பார்ப்பார், வேறொன்றையும் பார்க்க மாட்டார்.

"வா மைக்கு, கச்சேரியை ஆரம்பி" என்றார் குமாஸ்தா. முப்பது வருஷமாக இதே நாற்காலி. மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். "கமா, புள்ளி எல்லாம் படிக்கணும். போன வாரம் ஒரு கமாவை முழுங்கிட்டே. எனக்கு ஜீரணமாகல."

அவள் படித்தாள். அவர் விரல் கோடு கோடாக இறங்கியது. ஒன்றாம் பக்கம், இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கத்தில் அவர் கொட்டாவி விட்டார். நாலாம் பக்கத்தில் அவள் ஒரே வரியை இரண்டு தடவை படித்தாள்.

"தண்ணி வேணுமா?"

"வேணாம்ணே."

நாலாவது பெயரைப் படித்தாள். காகிதத்தில் புள்ளி. அவர் விரல் அடுத்த வார்த்தையில் போய் நின்று காத்திருந்தது. விட்டுவிட்டுப் போனால் அந்த விரல் நகராது.

"மற்றும் பலர்" என்று படித்தாள், காகிதத்தில் இல்லாததை, மைக்குப் பிடித்த அதே குரலில். "புள்ளி."

விரல் நகர்ந்தது.

"சுத்தம்" என்று சொல்லி அவர் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். அவளும் போட்டாள். பேனா வழுக்கியது. அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதைப் பார்த்தபோதுதான் உறைத்தது: மாட்டினால் அவரும் மாட்டுவார். மூன்று பெண்ணைக் கட்டிக்கொடுத்த மனிதர், காதில் விழுந்ததை நம்பியதைத் தவிர ஒரு தப்பும் செய்யவில்லை. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். அதற்குள் கான்ஸ்டபிள் வந்துவிட்டார். சார் கையெழுத்துப் போட, உறைக்குள் காகிதம் போக, மோட்டார் சைக்கிள் கிளம்ப, எல்லாம் சேர்ந்து அஞ்சு நிமிஷம் ஆகவில்லை.

மூன்றரை மணிக்கு அவள் கவுண்டர் வரிசையில் நின்றாள். முன்னால் பதினாறு பேர். கால் தரையில் இருக்கிறதா என்று இரண்டு முறை குனிந்து பார்த்துக்கொண்டாள். 'இல்லை' என்று எழுதினால் திங்கட்கிழமை கோட்டு நூலோட்டம் பிரிக்கலாம். சார் அலமாரியைத் திறக்கிற வரைக்கும் வக்கீலாக இருக்கலாம். அவர் திறப்பார். இன்றைய காகிதத்தைப் பார்க்கிற அன்றைக்கே திறப்பார். அப்போது அந்த 'இல்லை' அவள் கழுத்துக்குத் தோதான கயிறாக இருக்கும்.

வரிசையில் நின்றபடியே, முன்னால் நின்றவனின் முதுகில் பாரத்தை வைத்து, 'ஆம்' என்பதைச் சுழித்தாள். வீரத்தில் இல்லை. அது அதிகப் பயமா, இது அதிகப் பயமா என்று நிறுத்துப் பார்த்ததில் கொஞ்சம் குறைச்சலாக வந்ததைச் சுழித்தாள். அவ்வளவுதான். விவரம் என்ற இடத்தில் வழக்கு எண்ணை எழுதி, பக்கத்தில் 'மற்றும் பலர் என்பதில் நானும் ஒருத்தி' என்று எழுதினாள்.

கவுண்டர்க்கார அம்மாள் அதை இரண்டு தடவை படித்தாள். "என்னம்மா இது? குற்றம் சாட்டினவங்கள்ல நீ எத்தனையாவது எதிரின்னு எழுதற இடம் இது."

"எத்தனையாவதுன்னு அவங்களே சொல்லலை மேடம்."

"அப்ப ஏம்மா நீயா வந்து தலையைக் குடுக்கற? இல்லைன்னு திருத்திக் குடு, கண்ணை மூடிட்டு வாங்கிக்கறேன். ஆம்னா விசாரணைக்குப் போகும். மாசக்கணக்கா, வருஷக்கணக்கான்னு என்னைக் கேக்காதே."

"அப்படியே வாங்கிக்கங்க மேடம்."

அந்த அம்மாள் அவளை ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினாள்.

வீட்டுக்கு வந்தபோது கோட்டு ஆணியில் தொங்கியது. அப்பா கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பிரிச்சிடவா?"

"இப்ப வேணாம்ப்பா. கொஞ்ச நாளாகும்."

அவர் கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா அப்போதுதான் உள்ளே வந்து பையைக் கதவில் மாட்டினாள்.

"அம்மா, செவ்வாய்க்கிழமை எத்தனை மாடி கழுவின?"

அம்மா திரும்பவே இல்லை. "ஆறு" என்றாள். பைக் கைப்பிடியைச் சரிசெய்துகொண்டே, "யாரு சொன்னா?" என்றாள்.

போன் அடித்தது. குமாஸ்தா. நாலு முறை அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தாள்.

"மைக்கு." குரல் தணிந்திருந்தது. "ஸ்டேஷன்ல இருந்து போன். நாலாம் பக்கத்துல ரெண்டு வார்த்தையைக் காணோமாம். சார் அலமாரிச் சாவியைத் தேடிட்டிருக்கார். நீ படிச்சே. என் காதுல விழுந்துது. கமா புள்ளியோட விழுந்துது."

"ஆமாண்ணே. படிச்சேன்."

"பேப்பர்ல இல்லையே பாப்பா." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "என்னைக் கூப்பிட்டுக் கேப்பார். யாரு எடுத்தாங்கன்னு கேப்பார். நான் என்ன சொல்லட்டும்?"

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"என் பேரைச் சொல்லுங்கண்ணே" என்றாள். "மைக்குன்னு சொல்லாதீங்க. பாரத்துல இருக்கிற முழுப் பேரைச் சொல்லுங்க. கூட வேற யாரும் இல்லைன்னும் சொல்லுங்க."