இரண்டு வட்டாரத்து வீடு

கருவிகள் ஒன்றோடொன்று பேசும் விதத்தை வகுக்கும் நெறிமுறைக் குழுவின் தலைவர் வரைவிலிருந்து ஒரு சொல்லை அடித்த மறுவாரம், செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, ஆற்றுக்கு வடக்கே இருந்த ஒரு மாடி வீடு தெற்கே போய் நின்றது. உள்ளே குவளைத் தண்ணீர்கூடத் தளும்பவில்லை. கதவைத் திறந்த பெண் எதிரே மருந்துக்கடைக்குப் பதில் மரக்கடையைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய், அது எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டு வந்தாள். சிறுநீரகம் கெட்டு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்பவள். அன்றைக்கு அவளை ஏற்றிப்போக வந்த ஆஸ்பத்திரி வண்டி வடக்கே காலி மனையையும் அதில் நீட்டிக்கொண்டிருந்த குழாயையும் பார்த்து, ஆள் இல்லை என்று குறித்துக்கொண்டு திரும்பிவிட்டது.

அந்த வரைவை எழுதியவள் இவளுடைய தங்கை. அவள் வேலை பார்த்த வலையமைப்பு நிறுவனத்திடம் ஊருக்கு இரண்டு வரைபடங்கள் இருந்தன, தூரத்தை வைத்து ஒன்று, நெரிசலை வைத்து ஒன்று. எந்தக் கருவியும் ஒரு முகவரியைச் சொல்லி அது எந்த வட்டாரம் என்று கேட்கலாம். அக்காவின் முகவரி தூர வரைபடத்தில் வடக்கே மூன்றாம் வட்டாரம், நெரிசல் வரைபடத்தில் தெற்கே பதினோராம் வட்டாரம். இதில் தப்பொன்றும் இல்லை. ஒருத்தியே ஒரு வீட்டுக்கு மகள், இன்னொரு வீட்டுக்கு மருமகள் என்பது போலத்தான். அதனால் பதிலில் எண்ணுக்கு முன்னால் வரைபடத்தின் பெயரையும் சொல்ல வேண்டும் என்று தங்கை எழுதியிருந்தாள். தலைவருக்கு அலுவலகத்தில் கத்திரி என்று பெயர். நானூறு பக்கத்தைத் தொண்ணூறாக வெட்டியவர் என்று மேடைக்கு மேடை மாலை வாங்கியவர்; அந்தத் தொண்ணூறிலும் அவர் படித்தது அட்டையை மட்டும்தான். ஒரு சொல் மிச்சம் என்று வரைபடத்தின் பெயரை அடித்தார். கடைசியாக எந்த வரைபடத்தில் கேட்டார்களோ அந்தப் பதிலே எல்லோருக்கும் நிற்கும் என்று ஒரு விதியும் போட்டார். ஆழம் தெரியாமல் காலை விட்டது அவர், மூழ்கியது அடுத்தவர். ஆஸ்பத்திரி வண்டி தூரத்தை வைத்துக் கேட்டால் வீடு வடக்கே இருக்கும். வண்டி தெருமுனைக்கு வருவதற்குள் ஏதாவதொரு பார்சல் கம்பெனி நெரிசலை வைத்துக் கேட்கும், வீடு தெற்கே போய்விடும். செங்கல்லும் சிமெண்டும் விதியை மதித்தன.

வியாழக்கிழமையும் வண்டி வெறுமனே திரும்பியது. அக்காவின் கால் வீங்கியது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. சனிக்கிழமையும் தவறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் போனில் சொன்னார். தங்கை வெள்ளிக்கிழமை குழுவின் முன்னால் போய் நின்றாள். பதினான்கு பேர் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள். கத்திரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு வீடு ஒரு வட்டாரத்துலதாம்மா இருக்கணும். ஏதாவது ஒண்ண முடிவு பண்ணிக்கச் சொல்லுங்க உங்க அக்காவ.”

நெறிமுறையில் குறை இல்லை, வீட்டின் நடத்தைதான் சரியில்லை என்று குழு ஒருமனதாகப் பதிவு செய்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அடுத்த பதிப்பில் பரிசீலிக்கலாம், நாலு வருஷத்தில் வந்துவிடும் என்றார்கள். தங்கைக்கு அவர்கள் மேல் கோபம்கூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது. இருக்கைக்குத் திரும்பி, ஊருக்கெல்லாம் வட்டாரம் சொல்லிக்கொண்டிருந்த கருவியில், கத்திரி அடித்த அந்தச் சொல்லைத் தன் பெயரிலேயே திரும்பச் சேர்த்தாள். அப்போது மணி நாலு பத்து.

சனிக்கிழமை காலை வீடு வடக்கேயும் நின்றது, தெற்கேயும் நின்றது. உள்ளே ஒரே சமையலறை, ஒரே அக்கா, வாசல் மட்டும் இரண்டு. வடக்கு வாசலில் ஆஸ்பத்திரி வண்டி அவளை ஏற்றிக்கொண்டு போனது. தெற்கு வாசலில் பார்சல்காரர் நாலு தடவை மணியடித்துப் பார்த்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை தங்கைக்கு வேலை போயிற்று. அவள் அக்காவோடு வந்து தங்கிக்கொண்டாள். ஒரு வருஷத்துக்குள் ஊரில் தொள்ளாயிரம் வீடுகள் அப்படி நின்றன. ஜனங்கள் கூடுதல் வாசலுக்கு ஒரு மிதியடி வாங்கிப் போட்டதோடு சரி.

குழுவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. இரட்டிப்பை இடித்து ஒழிக்கும் உத்தரவோடு கத்திரியே ஒரு காலையில் வந்தார். வடக்கு வாசலில் அக்கா கதவைத் திறந்தாள். அவர் பாலத்தைக் கடந்து வேர்த்து விறுவிறுத்துத் தெற்கு வாசலுக்குப் போனார். அங்கேயும் அவளே, கையில் அதே பாதி உரித்த வெங்காயத்தோடு திறந்தாள். உள்ளே தங்கை எழுந்திருக்கவே இல்லை.

“இதுல உங்க நிஜ வீடு எது?” என்றார் கத்திரி.

“எந்த வரைபடத்துல கேக்கறீங்க?”

கத்திரி உத்தரவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதைச் சொல்ல அதில் இடமே விடவில்லை. வடக்கு வாசலில் ஆஸ்பத்திரி வண்டி ஹாரன் அடித்தது. அக்கா வெங்காயத்தைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, தெற்குக் கதவைச் சாத்திக்கொண்டு வண்டியேறப் போனாள்.