மேஜருக்கு உடைத்த தேங்காய்

டத்தோ பட்டம் வாங்கிய பெரிய முதலாளி குமரப்பனின் நாய் லண்டனிலிருந்து விமானத்தில் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்வார். அது சாக்கடை மூடியைத் தாண்டவே பத்து நிமிஷம் யோசிக்கும் என்பதை மட்டும் சொல்லமாட்டார். பெயர் மேஜர்.

பழக்கியவன் டிரைவர் கொர்னேலியஸ். 1994-இல் கிள்ளான் திடலில் நாய்களுக்குத் தடை ஓட்டப் போட்டி நடந்தது. கம்பு தாண்டி, குழாயில் நுழைந்து, சாய்ந்தாடும் சீசா பலகையில் ஏறி இறங்கி, தொண்ணூறு நொடியில் முடிக்க வேண்டும். கூட ஓடுகிறவன் நாயைத் தொட்டால் அவுட். தலைமை விருந்தினர் டத்தோ. கோப்பையும் அவர் கொடுத்ததுதான். அதைத் தன் வீட்டிலேயே வைக்க இடம்கூடப் பார்த்துவிட்டார்.

"தோத்துச்சுன்னா நாளைக்கே லோரியில ஏத்தி கேரி தீவுக்கு அனுப்பிடுவேன். அங்க என் செம்பனைத் தோட்டத்து ஸ்டோர்ல காவலுக்குக் கட்டட்டும்."

"டத்தோ, இது பயந்த நாய் டத்தோ."

"அப்ப நல்லா ஓடும் லா!"

ஸ்டோரில் முன்பு கட்டிய நாய் ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. அதைப் புதைத்தது கொர்னேலியஸ்தான். இப்போது மேஜரின் நடுக்கம் கயிறு வழியாக அவன் கைக்கு வந்துகொண்டிருந்தது. அந்தோணியாரை நினைத்துக்கொண்டான்.

எதையும் டத்தோ சும்மா தொடங்கியதில்லை. புது லோரி என்றாலும் கடை என்றாலும் முதலில் சிதறுகாய். போட்டோக்காரரை நிற்கவைத்து, ஓட்டம் தொடங்கும் கோட்டிலேயே, மேஜரின் மூக்குக்கு முன்னால் தேங்காயை ஓங்கி அடித்தார். திடலே கைதட்டியது. மேஜர் புல்லோடு புல்லாகப் படுத்துவிட்டது.

விசில் ஊதினார்கள்.

"வாடா... வாடா ராஜா," என்று கெஞ்சினான் கொர்னேலியஸ். மேஜர் வயிற்றால் ஊர்ந்து எழுந்தது. கம்பு தாண்டியது. குழாய்க்குள் போய் வெளியே வர, அவனுக்கு உயிர் வந்தது. சீசா பலகையில் ஏறியது. பாதியில் பலகை சாய, நான்கு காலும் இறுகி நின்றுவிட்டது. மிச்சம் முப்பது நொடி. இருபது. தொட்டால் அவுட். தொடாவிட்டால் ஸ்டோர்.

விருந்தினர் கூடாரத்தில் உட்கார்ந்திருந்த டத்தோவுக்குப் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடுங்கி, "மேஜர்! மார்ச்!" என்று கத்தினார்.

ஒலிபெருக்கி வீறிட்டது. மேஜர் பறந்தது. நேராகக் கூடாரத்துக்குள் பாய்ந்து, டத்தோவின் மடியில் ஏறி, அவர் கோட்டுச் சட்டைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது.

"முடிஞ்சது," என்றான் கொர்னேலியஸ், தனக்குள்.

கேமராக்கள் மின்னின. பத்திரிகைக்காரப் பெண் முன்னால் வந்தாள். "அய்யோ, எவ்ளோ பாசம் டத்தோ! உங்களை விட்டு இருக்காது போல?"

டத்தோவின் முகம் வெள்ளையாக இருந்தது. அவர் நாயைத் தொட்டு கொர்னேலியஸ் பார்த்ததே இல்லை. இப்போது இரண்டு கையையும் காற்றில் தூக்கி வைத்திருந்தார். உதடு மட்டும் சிரித்தது.

"ஆமாமா. என் கட்டில்லதான் தூங்கும். பிள்ளை மாதிரி."

"சூப்பர்! அடுத்த வாரம் வீட்டுக்கே வந்து படம் எடுக்கறோம்."

அவள் போனதும் டத்தோ அசையாமல், பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டார்:

"கொர்னேலியஸ்... இது கடிக்குமா?"

"கடிக்காது டத்தோ. லோரிக்குச் சொல்லணுமா?"

"லோரியாவது மண்ணாங்கட்டியாவது! இதை முதல்ல எடு. அப்புறம்... அடுத்த வாரத்துக்குள்ள எப்படித் தூக்கறதுன்னு எனக்குச் சொல்லிக்குடு."