ரங்கநாயகி வரும் இடம்

அண்ணன் கிரிதர் பாடையின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா உள்ளறையிலிருந்து கூப்பிட்டாள்.

“மிருதுளா, அந்தக் கடைசி அத்தியாயத்தை வாசிடி. அப்புறம் எடுக்கட்டும்.”

கடைசி அத்தியாயம் என்று ஒன்று இல்லவே இல்லை. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அப்பா ரங்கராஜன் நாவல் எழுத உட்கார்ந்தார். மிருதுளாதான் லேப்டாப்பில் ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். கதைச் சுருக்கத்தைக் கொடுத்துப் பொத்தானைத் தட்டினால் முழு அத்தியாயமாக விரித்துத் தரும். மனிதர் சுருக்கத்தை மட்டும் அதில் போட்டு வைப்பார். பொத்தான் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தானே எழுதி, காலைக் காப்பியோடு கண் மங்கிய மனைவிக்கு வாசித்துக் காட்டுவார். நேற்று காப்பிக்கு முன்பே போய்விட்டார். முடிவுக்கென்று மூன்று வரிச் சுருக்கம்தான் மிச்சம்.

அவர்கள் குடியிருந்த டாலிகஞ்சில் விடாத மழை. வண்டி காத்திருக்கிறது என்று பக்கத்து வீட்டு வங்காளி ரஞ்சன்தா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இல்லையென்று சொல்ல மிருதுளாவுக்கு மனம் வரவில்லை. பொத்தானைத் தட்டினாள்.

பக்கங்கள் மளமளவென்று கொட்டின. நாயகன் ஆற்றங்கரையில் நிற்கிறான், மழை பெய்கிறது, அவன் மனம் லேசாகிறது. அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“நான் எங்கடி வரேன்?”

அப்பாவின் குறும்பு அது. அத்தியாயத்துக்கு ஒரு ரங்கநாயகி, அம்மாவின் பெயரில், எங்கிருந்தாவது வந்துவிடுவாள். டிக்கெட் வரிசையில் நிற்பவள், பூக்காரி, ஒருமுறை பவானிபூர் மீன்காரிகூட. ஐயங்கார் வீட்டில் அதற்குப் பெரிய சண்டையே நடந்தது. ஆனால் சுருக்கத்தில் அவளை எழுதி வைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

மிருதுளா திரையைப் பார்த்தபடியே, வாசிப்பதுபோலச் சொன்னாள். “இதோ இருக்கும்மா. ரங்கநாயகி என்ற பெண் பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.”

“எங்க?”

“ஜாதவ்பூர்ல.”

“மழைன்னியே. குடை வெச்சிண்டிருக்காளா?”

“வெச்சிண்டிருக்கா.”

“தனியாவா இறங்கறா?”

மிருதுளா லேப்டாப்பை மூடினாள்.

“சரி, எடுக்கச் சொல்லு” என்று அம்மா எழுந்தாள். சுவரைத் தடவிக்கொண்டே வாசலுக்கு வந்து, ஆணியில் தொங்கிய அப்பாவின் குடையை எடுத்துக் கிரிதரிடம் நீட்டினாள்.

“அப்பா மூஞ்சில படாம பிடிச்சிண்டு போடா.”