பான்சோக் பேசிய சியோல் பேச்சு

சம்பந்திகள் முதன்முதலாகச் சேர்ந்து சாப்பிடும் நாளில் பெண்ணின் அப்பா எதையாவது உளறி வைத்தால் கல்யாணமே நின்றுபோகும். பான்சோக்குக்கு இது தெரியும். போதாக்குறைக்கு மகள் நாரே தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தாள்.

"அவுக அம்மா சியோல்காரவுகப்பா. பள்ளிக்கூடத்துல மொழிப்பாடம் நடத்துனவுக. அங்க வந்து நம்ம ஊர்ப்பேச்சு, அந்தச் சாத்துரி வேண்டாம், என்ன?"

தெற்கே கிஜாங் கடற்கரையில் நெத்திலி வலை உதறிப் பிழைக்கிற மனிதர் சியோல் பேச்சுக்கு எங்கே போவார்? தொலைக்காட்சிச் செய்தியைத்தான் பிடித்துக்கொண்டார். படகில் நின்று கடலுக்குச் செய்தி வாசித்துப் பழகினார். கூட்டாளிகள் சிரித்து மாய்ந்தார்கள்.

உணவகத்தின் தனியறையில் மாப்பிள்ளையின் அம்மா கனிவாகக் கேட்டார்: "பயணமெல்லாம் சௌகரியமா இருந்துதா?"

"தெற்குக் கடலோரப் பகுதிகளில் லேசான மழை பெய்தது. போக்குவரத்தில் பாதிப்பு ஏதுமில்லை."

மாப்பிள்ளைக்குப் புரையேறியது.

"இந்த மீனைக் கொஞ்சம் எடுத்துக்கோங்க."

"மீன் வரத்து திருப்திகரமாக உள்ளது. நன்றி."

சம்பந்தியம்மா சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். முகம் வாடிவிட்டது. "எங்க மேல ஏதாவது மனக்குறையா? சம்பந்தம் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. இப்படி எட்ட நின்னு பேசறீங்களே."

மகள் வாழ்க்கையைத் தன் நாக்கே கெடுத்துவிட்டதே என்று பான்சோக் உள்ளுக்குள் பதறினார்.

நாரே உடைந்து அழுதாள். "அப்பா மேல தப்பில்ல அத்தே, நாந்தான் நம்ம பேச்சு பேசாதியன்னு சொன்னேன். போதும்ப்பா, ஒங்க இஷ்டத்துக்குப் பேசுங்க."

மாப்பிள்ளை அவளை வியந்து பார்த்தான். இத்தனை வருஷப் பழக்கத்தில் இந்த ஊர்ப்பேச்சை அவள் வாயிலிருந்து அவன் கேட்டதே இல்லை.

"அட, இதுக்கா?" சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாத்துரிங்கற சொல்லு எங்கிருந்து வந்ததுன்னு வகுப்புல பிள்ளைங்க கேப்பாங்க. நான் முழிப்பேன். பண்டிதர்களே ஆளுக்கொண்ணு சொல்றாங்க. அதுக்கு ஊர் எதுன்னு யாருக்கும் நிச்சயமாத் தெரியாது."

"அய்யோ பாவமே!" பான்சோக் தன்னை மறந்தார். "ஊரு தெரியாத பயலா அவன்? அப்பம் எங்க கிஜாங்குலயே இருந்துட்டுப் போட்டும்."

எல்லாரும் சிரித்து ஓய்ந்தார்கள். பான்சோக் மட்டும் தலை குனிந்தபடி பேசினார்.

"நான் பேசுனா சண்ட போடுத மாதிரி இருக்கும், தப்பா எடுத்துக்கிடாதிய சம்பந்தியம்மா. தாயில்லாத பிள்ள இவ. சிரிக்கும்போது சியோல்காரி மாதிரிதான் சிரிப்பா. அழுதா எங்க பேச்சுதான் வரும். ஒரு வார்த்த வெளங்காட்டாலும் அப்பம் பக்கத்துல இருந்துக்கிடுங்க."

சம்பந்தியம்மா எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, நாரேயின் பக்கத்தில் உட்கார்ந்தார்.