பிரேம் ஊரில் மழை

திங்கட்கிழமை காலையில் கலைமணி கேட்ட விலைக்கு அன்னாசிப்பழம் கொடுத்தாள். வாசலூர்பட்டி படகுத்துறைக்கு எதிரே கடை போட்டிருந்த மற்றவர்கள் இதைப் பார்த்துவிட்டு, அவளுக்கு உடம்புக்கு ஏதும் முடியவில்லையோ என்று சந்தேகப்பட்டார்கள். காரிலிருந்து இறங்குகிறவனின் செருப்பைப் பார்த்தே அவன் எந்த விலைக்குப் படிவான் என்று சொல்லக்கூடியவள் அவள். மிளகை ஒரு பிடி கூடப் போடுவதுபோல் போட்டு, அதே கையில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் தெரிந்தவள். அப்படிப்பட்டவள் ஒரு சேலத்துக் குடும்பத்துக்கு, பேரமே பேசாமல், சிரித்துக்கொண்டே பழம் நறுக்கி உப்பு மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தால் யாருக்குத்தான் பயம் வராது.

காரணம் அவளுடைய செல்போனில் இருந்தது. அந்த வாரம் முழுக்க, வடக்கே ஒரு சின்ன ஊரில் மழை என்று அது சொன்னது. வங்கக் கடலில் கிளம்பிய புயல் கரையேறி, அந்தப் பக்கமாகப் போய்க் கொட்டப் போகிறதாம். செவ்வாய்க்கு ஒரு மேகமும் அதன் கீழே சொட்டுகளும். புதனுக்கு மேகத்துக்குள் ஒரு மின்னல். அப்படியே ஞாயிறு வரைக்கும் ஒரு நாள்கூட சூரியன் தலைகாட்டவில்லை.

அந்த ஊரின் பெயர் கலைமணியின் வாயில் நுழையாது. அதனால் அதற்கு அவள் பிரேம் ஊர் என்று பெயர் வைத்திருந்தாள். பிரேம் அவள் தம்பி. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி ஒன்றில் ராடு மாட்டுகிற வேலையில் சேர்ந்து, வண்டி போன இடத்துக்கெல்லாம் போய், கடைசியாக அந்த ஊரில் இருந்தான். போர் வண்டிக்காரர்களின் விடுமுறை முதலாளி கையில் இல்லை, வானத்தின் கையில் இருக்கிறது. வெயில் அடிக்கும்வரை பூமியைக் குடைந்துகொண்டே இருக்க வேண்டும். மழை பிடித்துக் கரிசல் மண் சேறானால், அவ்வளவு கனமான வண்டி காட்டுக்குள் இறங்காது. இறங்கினாலும் ஏறாது. அப்போதுதான் மேனேஜர் மனசு வைத்து ஆட்களை ஊருக்கு அனுப்புவார்.

கலைமணியின் மகள் கௌசிகாவுக்குக் காது குத்த வேண்டும். மூன்று வயதாகிறது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது. போன மாதம் போனில் கேட்டபோது பிரேம், "மழை புடிச்சா வாரேங்க்கா" என்றான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் தினமும் காலையில் கடை திறந்ததும் அந்த ஊரின் வானத்தைத்தான் பார்ப்பாள். கொல்லிமலையில் அன்றைக்கு மழையா மூட்டமா என்று சுற்றுலாக்காரர்கள் கேட்டால், தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வாள். ஐப்பசியில் வடக்கே மழை ஓய்ந்துவிடும். மேகம் இல்லாத நீல வானத்தைக் காட்டிக் காட்டி அந்தப் போன் அவளை நோகடித்துக்கொண்டிருந்தது.

"எங்கியோ இருக்கற சனம் வெதச்சது நனஞ்சு போகுமேன்னு கவலப்படும். நீ இங்க உக்காந்து அதுக்கு மழை வேண்டறியா" என்று அவள் கணவன் மாதேஸ்வரன் கேலி செய்தான்.

"அவிய வெதைய நான் என்னங்க பண்றது. எனக்கு எந்தம்பி வரோணும்" என்றாள்.

அன்று மத்தியானமே கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, கோயில் பூசாரியிடம் போய் ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் கேட்டாள். பூசாரி பஞ்சாங்கத்தைப் புரட்டி, அடுத்த வாரம் இதைவிட நல்ல நாள் இருக்கிறதே என்றார். அடுத்த வாரம் அங்கே வெயில் வந்துவிட்டால் யார் பொறுப்பு என்று அவள் கேட்க, அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஞாயிறு என்று முடிவாயிற்று.

பிரேம் மலையை விட்டுப் போனதற்கு ஒரு மாடுதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். அது பாதி உண்மை.

அப்பா அம்மா இல்லாத பிள்ளை. அக்காதான் வளர்த்தாள். மலையிலேயே இன்னொரு பக்கம், எடப்புளி நாட்டில் சின்னக்கண்ணு என்பவரின் மகள் ராதிகாவை அவனுக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. மலையில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரியம் கொடுக்க வேண்டும். பிரேமையும் கூட்டிக்கொண்டு போய், பாயில் உட்கார்ந்து பேசினார்கள். தானியம் எவ்வளவு, சேலை எத்தனை என்பதெல்லாம் சிரிப்பும் பேச்சுமாக முடிந்தது. கடைசியில் சின்னக்கண்ணு, ஒரு கறவை மாடு கன்றோடு வேண்டும் என்றார். கலைமணி வீட்டில் அப்படி ஒரு மாடு இருந்தது. கொடுத்திருக்கலாம். கொடுக்கக் கூடாது என்ற எண்ணமும் அவளுக்கு இல்லை. ஆனால் கேட்டதும் கொடுப்பது அவளுக்குப் பழக்கமில்லை. கன்று மட்டும் தருகிறேன் என்றாள். அவர் மாடு என்றார். அவள் கன்று என்றாள். பிறகு தாம்பூலத் தட்டைத் தொடாமல் எழுந்து நின்று, போயிட்டு வாரோமுங்க என்றாள்.

சந்தையில் எழுந்து போவது என்பதும் ஒரு பேச்சுதான். வாங்குகிறவன் போவான், விற்கிறவன் பின்னாலிருந்து கூப்பிடுவான், இரண்டு பேரும் அரைப்படி இறங்கி வருவார்கள். மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிச் சந்தையில் அன்னாசி மூட்டையோடு எத்தனையோ தரம் அவள் கூப்பிட்டிருக்கிறாள், எத்தனையோ தரம் கூப்பிடப்பட்டிருக்கிறாள். ஆனால் சின்னக்கண்ணு சாமையும் கேழ்வரகும் விதைத்துச் சாப்பிடுகிற மனிதர். வாழ்க்கையில் ஒரு நாளும் கடை போட்டவரில்லை. பரியப் பாயில் தட்டைத் தொடாமல் எழுந்தால், பெண் வேண்டாம் என்று அர்த்தம். அவருக்கு அந்த ஒரு அர்த்தம்தான் தெரியும்.

கலைமணி பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தாள். முதலில் வந்த பஸ்ஸை வேண்டுமென்றே விட்டாள். யாரும் கூப்பிட வரவில்லை. வீட்டுக்கு வந்து சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மாட்டையும் கன்றையும் சேர்த்தே தருகிறோம் என்று ஆள் விட்டாள். அதற்குள் வேறு இடத்தில் தட்டு மாற்றியாகிவிட்டது. பிரேம் மரவள்ளிக்குக் களை வெட்டி முடித்துவிட்டு, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினான். கௌசிகா பிறந்ததற்கும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பிரேம் ஊரில் போன் சொன்னபடியே மழை பிடித்தது. புதன்கிழமை அடைமழை. அங்கே பாலத்தின்மேல் தண்ணீர் ஓடுகிற படத்தைக்கூட யாரோ போட்டிருந்தார்கள். அதை மாதேஸ்வரனிடம் காட்டி, "பாத்தீங்களா, எப்படிப் பேயுதுன்னு" என்று பெருமையாகச் சொன்னாள், ஏதோ அவளே பெய்வித்ததுபோல. பிரேமைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மழைக்கு டவர் போயிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வியாழக்கிழமை கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. ரயிலில் இருப்பான், ரயிலில் எங்கே டவர் கிடைக்கிறது என்றாள். விடைக்கோழிகளை விலை பேசி வைத்தாள். பிரேமுக்குப் பிடிக்கும் என்று பலாக்கொட்டையைத் தேடி வாங்கி வைத்தாள். அவன் படுத்துக்கொள்ள உள்ளறையைக் கழுவிவிட்டாள். மலையிலும் மழை பெய்துகொண்டுதான் இருந்தது. படகுத்துறைக்கு ஆளே வரவில்லை. வியாபாரம் படுத்துவிட்டது என்று அந்த வாரம் அவள் ஒரு தடவைகூடப் புலம்பவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கீழேயிருந்து வந்த பஸ்ஸிலிருந்து ரமேஷ்குமார் இறங்கினான். பக்கத்து ஊர்ப் பையன், பிரேமோடு அதே வண்டியில் வேலை செய்கிறவன். நனைந்துகொண்டே கடைக்கு வந்தான். கலைமணி அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பஸ்ஸின் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பிப் போனது.

ரமேஷ்குமார் ஒரு பையை நீட்டினான். பாப்பாவுக்குப் பட்டுப் பாவாடையும், ஒரு சின்ன டப்பாவில் தோடும் இருந்தன. தாய்மாமன் சீர் என்று பிரேம் கொடுத்தனுப்பியது.

"அவன் எங்க?" என்றாள்.

வண்டியைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது, ஒருவன் காவலுக்கு இருந்தாக வேண்டும் என்று அவன் சொன்னான். சீட்டுக் குலுக்கிப் போட்டீர்களா, யார் பேருக்கு விழுந்தது, நீ மாற்றிக்கொண்டிருக்கக் கூடாதா என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். ரமேஷ்குமார் தலையைச் சொறிந்தான்.

"குலுக்கவே இல்லீங்க்கா. நானே இருந்துக்கறேன்னு அவனாச் சொல்லிப்போட்டான்."

கலைமணி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தக் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர், ஏரியைச் சுத்திப் பாத்துட்டு வரும்போது வாங்கிக்கறோமுங்க என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதில் ஒருவன்கூடத் திரும்பி வந்ததில்லை. அவர்கள் சொல்லி வாய் மூடுவதற்குள் அவள் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிடுவாள். அவ்வளவு பழகிய காதுக்கு, மழை பிடித்தால் வருகிறேன் என்பது என்ன பேச்சு என்று ஒரு மாதமாகத் தெரியாமல் போனது.

ரமேஷ்குமாரின் போனை வாங்கி, அதிலிருந்து பிரேமைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஊடு போய்ச் சேந்துட்டயாடா?"

"அக்கா பேசறேன் கண்ணு."

"சொல்லுக்கா. பாப்பா நல்லா இருக்குதா?" என்றான்.

அவள் பேரத்தைத் தொடங்கினாள். இன்றைக்கே ரயில் ஏறு, காதுகுத்தைத் தள்ளிவைக்கிறேன் என்றாள். முடியாது என்றான். வீட்டில் தங்க வேண்டாம், காலையில் வந்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்கே போய்விடு என்றாள். பிறகு, மலைக்கே ஏற வேண்டாம், காளப்பநாயக்கன்பட்டிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இறங்கி வருகிறோம், அங்கே ஒரு கோயிலில் வைத்துக் குத்திக்கொள்ளலாம், ஒரு மணி நேரம் போதும் என்றாள். யாருக்கும் அவள் அவ்வளவு இறங்கியதில்லை. அவன் ஒவ்வொன்றுக்கும், விடுக்கா, விடுக்கா என்றான்.

"எம்மேல கோவமா சாமி?"

"கோவம் இருந்தா வந்து ஒரு சண்டயப் போட்டுட்டுப் போயிருப்பேன்."

"அப்பறம் என்ன?"

அவன் மெதுவாகப் பேசினான். "அன்னிக்கு பாய விட்டு எந்திரிச்சதும் எங்காதுல ஒண்ணு சொன்னீல்ல. திரும்பிப் பாக்காத, பாத்தா நம்ம பேச்சு நிக்காதுன்னு."

அவள் சொன்னாள்தான்.

"நானும் பாக்கல. ரோட்டுக்கு வர்ற வரைக்கும் பாக்கல. ராதிகா வாசல்ல வந்து நின்னுட்டே இருந்துதாம். நான் ஒருக்கா திரும்பியிருந்தா, அப்பன் என்ன சொன்னாலும் எங்கூடவே வந்திருப்பேன்னு, கண்ணாலத்துக்கு மொத நாளு ஆள் விட்டுச் சொல்லுச்சு. உன்னைய எதுக்குக்கா நான் குத்தம் சொல்றது. கழுத்து என்னோடதுதான."

கலைமணி மடியிலிருந்த பட்டுப் பாவாடையை விரித்து, மறுபடியும் மடித்தாள்.

"அந்த மலையில எந்த ரோட்டுல நடந்தாலும் முதுகுக்குப் பின்னால ஆள் நிக்கற மாதிரியே இருக்குதுக்கா. இங்க அப்படி இல்ல. அவ்வளவுதான். பாவாட அளவு சரியா இருக்குதான்னு போட்டுப் பாத்துச் சொல்லு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து நடந்தது. பிள்ளைக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசினார்கள். பட்டுப் பாவாடை ஒரு சாண் பெரிதாக இருந்தது. பார்த்தே இராத பிள்ளையின் அளவு மாமனுக்கு எப்படித் தெரியும். பாப்பாத்தி என்ற ஒன்றுவிட்ட அத்தை இடுப்பில் இரண்டு மடிப்பு வைத்துக் கட்டிவிட்டாள். ஊசியும் தோடுமாக உட்கார்ந்த ஆசாரி, தாய்மாமன் யாரு, வந்து உக்காருங்க என்றார். கூட்டத்தில் எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். மாதேஸ்வரன் ரமேஷ்குமாரின் தோளைத் தொட்டான். அவன் கூச்சத்தோடு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

பிள்ளையை மடியில் வைக்கும் முன் கலைமணி அவனிடம் போனைக் கேட்டு வாங்கி, பிரேமுக்குப் போட்டாள். முகம் தெரிகிற மாதிரி பேச வேண்டாம், சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்றாள். சரி என்றான். போனை அப்படியே ரமேஷ்குமாரின் சட்டைப் பையில் வைத்தாள். ஆசாரி ஊசியை இறக்கினார். பிள்ளை வீறிட்டது. ஆளுக்கு ஒரு பக்கம் மிட்டாய் காட்டினார்கள், கைதட்டினார்கள். அது யாரையும் பார்க்காமல், ரமேஷ்குமாரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து அவன் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதது. மாமா கழுத்தைக் கட்டிக்க சாமி, மாமா கழுத்தைக் கட்டிக்க என்று பாப்பாத்தி சொல்லிக்கொடுத்தாள்.

இரண்டு காதும் முடிந்து, சனம் பந்திக்கு எழுந்த பிறகு, கலைமணி போனை எடுத்துக்கொண்டு கோயிலின் பின்பக்கம் போனாள். காதில் வைத்தாள். பிரேம் இன்னும் போனை வைக்கவில்லை. தகரத்தின்மேல் மழை விழுகிற சத்தம் கேட்டது. வண்டிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பான் போலிருக்கிறது. சத்தத்தின் நடுவே அவன் மூக்கை உறிஞ்சுவது ஒரு முறை கேட்டது. பிறகு மறுபடியும் கேட்டது.

பந்தியில் அவளைத் தேடினார்கள். ரமேஷ்குமார் போனுக்காகத் தூணோரம் வந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அவள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தாள். அவனிடம் எதுவும் பேசவில்லை. ஏதாவது பேசினால் போனை வைத்துவிடுவானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.