வேகப் பெட்டியும் இரண்டு நட்சத்திரங்களும்

ஏனோக்கின் கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தால் அந்த வட்டாரத்தில் எந்தப் பொருளும் முழுசாக இருக்காது. ராபர்ட்சன்பேட்டையில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஊரார் மிக்ஸியையெல்லாம் உயிரோடு திருப்பிக் கொடுத்துவிடுவார். சொந்த வீட்டு மிக்ஸி மட்டும் மூன்று வருஷமாகத் திறந்த வயிற்றோடு பரண்மேல் கிடக்கிறது. அதனால்தான் அவர் மனைவி ஐடா தன்னுடைய ஏர் ரைஃபிளை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போவாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவளே அதை வெளியே எடுத்தாள். வேறு வழியில்லை. சாம்பியன் ரீப்ஸில் கொர்னேலியஸ் நடத்தும் ரைஃபிள் கிளப்பிலிருந்து பெங்களூரில் நடக்கும் ஜனவரி போட்டிக்கு மூன்று பேர் போகிறார்கள். நான்கு வருஷமாக அதில் ஒருத்தி ஐடாதான். ஆனால் ஒரு மாதமாக அவள் சுடுவது அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. பத்தும் ஒன்பதுமாக விழுந்துகொண்டிருந்த இடத்தில் எட்டு, ஏழு, ஒருநாள் ஐந்துகூட. கொர்னேலியஸ் தங்கமான மனுஷர், அதட்டவில்லை. "சனிக்கிழமை கிறிஸ்துமஸ் கேரல் பாடிக்கினு உங்க லைனுக்கு வருவோம் இல்ல, அப்போ சொல்லு தங்கச்சி. முடியலன்னா நம்ம கிளப் பையன் ராகேஷை அனுப்பறேன்," என்று மட்டும் சொன்னார்.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வயசு நாற்பத்திரண்டு ஆகிறது, தினம் ரயிலில் அலைகிறாள், தூக்கமில்லை. ஐடா சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: ரைஃபிள். உள்ளே ஏதோ தளர்ந்துபோய், ஒரு பெல்லட் குண்டை வேகமாகவும் இன்னொன்றை மெதுவாகவும் தள்ளுகிறது. அதனால் ஒன்று மேலே விழுகிறது, ஒன்று கீழே விழுகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் ஜெபம்கூடச் செய்தாள். ஏனென்றால் ரைஃபிள் கெட்டிருந்தால் சரிசெய்துகொள்ளலாம். கெட்டது அவள் என்றால்? அலுவலகம், ரயில், சமையல், சபை என்று எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுத்த பிறகு அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். அதுவும் போய்விடுமோ என்று அவளுக்கு உள்ளுக்குள் நிஜமாகவே பயமாக இருந்தது.

ஏனோக்கின் சித்தப்பா மகன் மேக்ஸ்வெல் பெங்களூரில் ஒரு ஷூட்டிங் ரேஞ்சில் வேலை செய்கிறான். பெல்லட்டின் வேகத்தை அளக்க அவனிடம் இரவல் வாங்கி வந்தது ஒரு குரோனோகிராஃப். பெயர்தான் பெரிசு, பார்க்க ஒரு டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி. மேலே முன்னும் பின்னுமாக இரண்டு கண்கள், ஒவ்வொரு கண்ணுக்கும் மேலே கம்பி வைத்த ஒரு வெள்ளைக் குடை. பெல்லட் முதல் கண்ணைத் தாண்டும்போது நிழல் விழும், கடிகாரம் ஓடும். இரண்டாவது கண்ணைத் தாண்டும்போது நிற்கும். வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று பெட்டியின் நெற்றியில் எண் வரும். ஏனோக் அதற்கு வேகப் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்.

"டியூப் லைட்டுல வைக்காதீங்க, அது துடிக்கிற வெளிச்சம், பெட்டி ஏமாந்துடும்," என்று போனில் சொல்லியிருந்தான் மேக்ஸ்வெல். "இன்னொண்ணு. இத வச்சிச் சுடறவங்க மொதல்ல சுடறது இதத்தான். பாத்துக்கோ அண்ணே."

சுரங்கத் தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பத்து மீட்டர் கிடைப்பது லேசில்லை. வாசல் கதவு, நடுக்கதவு, பின்கதவு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருப்பது மட்டும்தான் அந்த வீட்டைக் கட்டியவன் செய்த உபகாரம். ஐடா வராந்தாவில் நின்றால், முன்னறை, சமையலறை வழியாகப் பின்கட்டுச் சுவர் சரியாகப் பத்து மீட்டர். சுவரோரம் இரும்புப் பெட்டி, அதற்குப் பின்னால் பழைய கம்பளி, முன்னால் ஒரு குறி அட்டை. அட்டையை ஏனோக்தான் மாட்டினார், பெல்லட்டுக்குப் போய்ச் சேர ஓர் இடம் வேண்டுமே என்று. பின்கட்டிலிருந்து சந்துக்குப் போகும் வாசலைத் தாழ் போட்டு, பரணிலிருந்து இரண்டு குண்டு பல்பு தேடியெடுத்து, ஒன்றை அட்டைக்கு மேலும் மற்றொன்றை முன்னறையில் வேகப் பெட்டிக்கு மேலும் தொங்கவிட்டார். டியூப் லைட்டை அணைத்தார்.

பெட்டி, சாப்பாட்டு மேசைமேல் முக்காலி, முக்காலிமேல் ஒரு பலகை என்று சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்தது. "உக்காந்து சுடேன், கை ஆடாது," என்றார் ஏனோக். ஐடா ஒத்துக்கொள்ளவில்லை. போட்டியில் நிற்பதுபோல் நின்றுதான் சுடுவேன், நாளைக்கு ஒருத்தரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்றாள்.

ஏனோக் அவள் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து, பார்வைத் துளை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "எல்லாம் கரெக்ட்டா கீது. பெட்டி கீழேதான் நிக்குது. சுடு."

"நீங்க பாக்கறது மேல் ஓட்டை. பெல்லட் வர்றது ரெண்டு விரல் கீழே இருக்கிற குழாயில. இப்போ சுட்டா அதோட நெத்தியிலதான் அடிக்கும்."

ரைஃபிளில் பெல்லட் ஏதும் இல்லை என்று இரண்டு தரம் திறந்து பார்த்த பிறகு, ஐடா நின்று குறி பார்த்தாள். தையல் மெஷினிலிருந்து எடுத்த வெள்ளை நூலின் ஒரு முனையைக் குழாய் வாயில் ஒட்டி, மறுமுனையை அட்டையின் நடுவில் குத்தி விறைப்பாக இழுத்தார் ஏனோக். நூல் பெட்டியின் நெற்றியில் உரசிக்கொண்டு போனது. அவர் பலகையை உருவினார்.

இப்போது முன்கண்ணுக்கு மேல் நூல் நான்கு விரல் உயரத்தில் போனது. பின்கண்ணுக்கு மேல் மூன்றுதான். தண்ணீர் ஓட வேண்டுமென்று தரையை வாசல் பக்கம் சரித்துக் கட்டிய வீடு அது. கோணலாக நின்றால் பெட்டி கோணலாகத்தான் கணக்குச் சொல்லும். கிறிஸ்துமஸுக்குச் சுட்ட அச்சு முறுக்கு டப்பாவின் மூடியை மேசையின் முன்கால்களில் ஒன்றுக்கு வைத்தார்கள். போதாமல் இன்னொரு காலுக்குக் குல்குல் பலகாரம் வைத்த டப்பாவின் மூடி. ஏனோக் முக்காலியையும் விரல் விரலாக நகர்த்தினார். கடைசியில் நூல் இரண்டு கண்ணுக்கும் ஒரே உயரத்தில், குடைக் கம்பிகளுக்கு நட்டநடுவில் போனது. நூலை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "கோயில் கட்டறவன்கூட இவ்ளோ பாக்க மாட்டான்," என்றபடி சுவரோரம் ஒதுங்கினார்.

ஐடா சுட்டாள். பெட்டி 171 என்றது. அடுத்தது 388. அதற்கடுத்தது 64.

ஐடாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "பாத்தீங்களா? நான் சொல்லல? பாவி ரைஃபிள், ஒரு மாசமா என்னைப் பைத்தியமாக்கிச்சு." இன்னும் இரண்டு சுட்டாள். 143, 295. ஒவ்வொரு தப்பான எண்ணுக்கும் அவள் முகம் இன்னும் கொஞ்சம் பிரகாசமானது.

ஏனோக்கின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. "ஒரே ஒரு ஸ்குரூ மாத்திரம் கழட்டிப் பாக்கறேன். உள்ளே இன்னாதான் கீதுன்னு."

"கிட்ட வந்தீங்கன்னா உங்களத்தான் கழட்டுவேன்."

எதிர்வீட்டு ரத்தினம்மா அந்த நேரம் பார்த்து, இரவல் வாங்கிய அச்சு முறுக்கு அச்சைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். புருஷன் பென்ஷனில் நிம்மதியாக இருப்பவள். லைனில் நடக்கும் எல்லாவற்றுக்கும் சாட்சி. ஐடா ரைஃபிளைத் திறந்து கீழே வைத்துவிட்டு அச்சை வாங்கினாள். ரத்தினம்மா எட்டி உள்ளே பார்த்தாள்.

"இப்போ சுட்டது யாரு?"

"யாரும் சுடலையே, அக்கா."

"அந்தப் பொட்டி நம்பர் காட்டுதே."

திரும்பிப் பார்த்தார்கள். 212. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது 97 ஆயிற்று. ஏனோக் மெதுவாக ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் திரும்பச் செருகினார்.

ஐடா பெட்டியைப் பார்த்தாள், பிறகு வெள்ளைக் குடையைப் பார்த்தாள். குடை சிவப்பாயிற்று, பச்சையாயிற்று, மறுபடி சிவப்பாயிற்று. அவள் தலையை நிமிர்த்தினாள். தலைக்கு நேர் மேலே, வராந்தாவில், டிசம்பர் முதல் தேதியிலிருந்து தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தன் பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. டியூப் லைட்டை அணைத்தவர்களுக்கு இது தோன்றவேயில்லை. தோன்றாதுதான். அந்த ஊரில் டிசம்பர் மாதத்து நட்சத்திரத்தை யாரும் விளக்குக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது வீட்டு ஆள்களில் ஒன்று.

அணைத்தார்கள். பெட்டி சற்று நேரம் அமைதியாக இருந்து, பிறகு 305 என்றது. இப்போது மூன்று பேரும் சேர்ந்து எதிர்ப்பக்கம் திரும்பினார்கள். ரத்தினம்மா வீட்டு வாசலில் இதைவிடப் பெரிய நட்சத்திரம். தீபாவளிக்கு ஐடா வீட்டிலும் பட்டாசு வெடிப்பதுபோல, கிறிஸ்துமஸுக்கு ரத்தினம்மா வீட்டிலும் நட்சத்திரம் கட்டாயம்.

"அக்கா, சொல்ப நேரம் உங்க ஸ்டாரை ஆஃப் பண்றீங்களா?"

"கேரல் வர்ற நேரத்துலயா? லைன்லயே என் வூட்டு ஸ்டார்தான் பெருசு. இருட்டா வச்சிக்கினு நிக்கச் சொல்றியா?"

"பத்தே குண்டு, அக்கா. ராத்திரி ஒரு தட்டு குல்குல் அனுப்பறேன்."

"ரெண்டு தட்டு," என்று சொல்லிவிட்டு ரத்தினம்மா தெருவைக் கடந்தாள்.

எதிர்வீடும் இருட்டாயிற்று. பெட்டி வாயை மூடிக்கொண்டது. தெருமுனைக்கு அப்பால் எங்கேயோ கிதாரும் தாளமும் கேட்கத் தொடங்கிவிட்டன. ஐடா அவசரமாக நின்றாள், மூச்சை விட்டாள், சுட்டாள். 171. அடுத்தது 172. பிறகு 171, 171, 172. ஒவ்வொன்றுக்கும் அவள் கண் பெட்டியின் நெற்றிக்கு ஓடியது, ஒரு தரமாவது மாறாதா என்று. பத்தாவது பெல்லட்டுக்கும் அது 171 என்றே சொன்னது.

ரைஃபிள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஐடா வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ நான்தாங்க," என்றாள். "ராகேஷே போகட்டும். கொர்னேலியஸ் அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால வாயத் தொறந்து சொல்ல முடியாது."

ஏனோக்குக்கு மிக்ஸிக்குச் சமாதானம் சொல்லத் தெரியும், மனைவிக்குச் சொல்லத் தெரியாது. பாட்டுக்காரர்கள் வந்தால் உட்கார முக்காலி வேண்டும், அதற்கு முன்னால் பின்கட்டை ஒதுக்கிவிடலாம் என்று எதையோ சொல்லிக்கொண்டு உள்ளே போனார். போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது அவர் கையில் குறி அட்டை இருந்தது.

"ஐடா, இது யாரு சுட்டது?"

அட்டையின் கறுப்பு வட்டத்துக்கு நட்டநடுவில், சுண்டுவிரல் நுழையும் அளவில், கிழிந்த ஒரே ஓட்டை. பதினைந்து பெல்லட்டும் அதற்குள்ளேதான் போயிருந்தன. இரண்டு மட்டும் ஓரத்தைக் கொஞ்சம் கடித்திருந்தன.

ஐடா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "குறி வச்சதோட சரி, எங்க விழுந்துச்சுன்னு பாக்கவே இல்லீங்க. பெட்டி இன்னா சொல்லுதுன்னுதான் பாத்தேன்."

"அதான் கேக்கறேன். இங்கே பாக்காம சுட்டா பத்து. கிளப்புல பாத்துப் பாத்துச் சுட்டா ஏழா?"

கிளப்பிலும் விழுந்த இடத்தை அவள் பார்ப்பதில்லை. பத்து மீட்டரிலிருந்து ஓட்டை தெரியாது. பார்ப்பவர் வேறு ஒருவர். போன மாதம் கொர்னேலியஸுக்கு அவர் மகள் ஒரு தொலைநோக்கி அனுப்பினாள். அன்றிலிருந்து மனுஷர் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் அதை நிறுத்தி, விழுந்த எண்ணைச் சுடச்சுட அறிவித்துவிடுவார். சபைப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர். கிசுகிசுத்தாலும் கூரை அதிரும். "ஒன்பது, தங்கச்சி. அடுத்தது பாத்து." அந்த ஒன்பதைச் சரிக்கட்டத்தான் அடுத்ததை அவள் சுட்டாள். அது எட்டாயிற்று. ஒரு மாதமாக அவள் ஒவ்வொரு பெல்லட்டோடும் போன பெல்லட்டையும் சேர்த்தே சுட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ராகேஷுக்கு அந்த அறிவிப்பில் உற்சாகம் பிறந்தது. இவளுக்குக் குறி தப்பியது. அவ்வளவுதான் விஷயம்.

ஐடா சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர, ஏனோக்கின் தோளில் அட்டையால் அடித்து அடித்துச் சிரித்தாள். அவரும் என்ன ஏதென்று முழுசாகப் புரியாமலே சேர்ந்து சிரித்தார்.

பாட்டுக்காரர்கள் லைனுக்குள் வந்துவிட்டார்கள். ஒரு பாட்டு பாடி முடித்ததும், சால்வையும் டார்ச்சுமாகக் கொர்னேலியஸ் வராந்தாவுக்கு வந்தார்.

"இன்னா தங்கச்சி, வாசலே இருட்டா கீது? எதிர்வூடும் இருட்டு. உடம்பு சரியில்லையா? போட்டி விஷயம் நான் வேணும்னா அப்புறமா..."

"வர்றேன், அண்ணே."

"வர்றியா?"

"வர்றேன். ஆனா ஒண்ணு. நான் சுட்டு முடிக்கிற வரைக்கும் எனக்கு நம்பர் சொல்லக் கூடாது. நீங்களும் சொல்லக் கூடாது, ஒருத்தரும் சொல்லக் கூடாது."

கொர்னேலியஸ் டார்ச் வெளிச்சத்தில் அவள் நீட்டிய அட்டையைப் பார்த்தார். அவருக்கு விளங்க நேரமாயிற்று. விளங்கியதும் காது வரைக்கும் சிவந்துபோனார். "என்னாலயாம்மா? நான் உனக்கு ஒத்தாசை பண்றேன்னுதானே நெனச்சேன். சரி, வாயே தொறக்கல. ஆனா பெங்களூர்ல பக்கத்துலயே ஸ்கிரீன் இருக்குமே, அதுல நம்பர் வந்துடுமே?"

"கர்சீஃப் போட்டு மூடிக்கறேன்."

"அப்போ நான் பின்னாடி நின்னு இன்னா பண்றது?"

"மனசுக்குள்ள பாடுங்க, அண்ணே."

தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ரத்தினம்மாவின் குரல் வந்தது. "ஏம்மா ஐடா, ஆயித்தா இல்லையா? பாட்டே முடியப்போவுது, ஸ்டாரைப் போடலாமா வேணாமா?"

"போடுங்க, அக்கா."

இரண்டு வீட்டு நட்சத்திரங்களும் ஒன்றாகக் கண்ணைத் திறந்தன. பாட்டுக்காரர்கள் உற்சாகமாகி அடுத்த பாட்டை எடுத்தார்கள். கொர்னேலியஸ் ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்று அடிக்குரலைச் சேர்த்தார். ஐடா இரண்டு கையிலும் குல்குல் தட்டோடு வாசலில் நின்று, தானும் பாடினாள்.

உள்ளே மேசைமேல் வேகப் பெட்டியை யாரும் அணைக்கவில்லை. சிவப்புக்கும் பச்சைக்கும் தகுந்தபடி அது 240 என்றது, 118 என்றது, 366 என்றது. ஐடா திரும்பிப் பார்க்கவே இல்லை.