பதினான்காம் பத்தி

மோளி குரியன் காலை எட்டு மணிக்கே அலுவலகத்தைத் திறந்து, தீர்ப்புகளைத் தேடும் இணையதளத்தில் மூன்று சொற்களை இட்டார்: உள்விசாரணை, ஆங்கிலம், கையெழுத்து. முதலில் வந்து நின்றது அவரே வாதாடி ஜெயித்த வழக்கு.

எதிரே ஜலஜா உட்கார்ந்திருந்தார். கொல்லத்தில் ஒரு முந்திரி ஆலையில் பத்தொன்பது வருடம் பருப்புத் தோல் உரித்தவர். சூப்பர்வைசரை ஏசியதாக ஆலைக்குள்ளேயே ஒரு விசாரணை நடத்தி வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். விசாரணைக் காகிதம் முழுக்க ஆங்கிலம். ஐந்தாம் வகுப்போடு நின்ற ஜலஜா பக்கத்துக்குப் பக்கம் மலையாளத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த விசாரணை செல்லாது என்று தொழிலாளர் நீதிமன்றம் சொன்னால்தான் வேலை திரும்பக் கிடைக்க வழி. வாதம் பதினோரு மணிக்கு.

"என்ன வக்கீலே, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு?"

மோளி திரையில் இருந்த நாலு வரிச் சுருக்கத்தைப் படித்துச் சொன்னார். கையெழுத்துப் போட்ட தொழிலாளி, மொழி புரியவில்லை என்று பிறகு சொல்ல முடியாது. உயர் நீதிமன்றம். நிர்வாகத்துக்காக வாதாடியவர், மோளி குரியன்.

"நீங்க அந்தப் பக்கமா இருந்தீங்க?"

"பன்னெண்டு வருஷம் முன்னாடி. கூரை ஓடு செய்யுற ஒரு ஓட்டுக் கம்பெனிக்கு."

"நல்லாப் பேசியிருக்கீங்க." ஜலஜா சிரிக்கவில்லை. "அவங்க வக்கீலுக்கும் இது கெடைக்குமா?"

"எனக்கு முதல்ல வந்தது அவருக்கும் முதல்லதான் வரும்."

ஜெயித்த பிறகு அந்தத் தீர்ப்பை மோளி திறந்து பார்த்ததே இல்லை. இப்போது முழுவதையும் படித்தார். பதினான்காம் பத்தியில் ஒரு வரி இருந்தது: மொழி பற்றிய ஆட்சேபத்தைத் தொழிலாளி தரப்பு வலியுறுத்தவில்லை. வலியுறுத்தாததை நீதிபதி முடிவு செய்யவில்லை. முடிவு செய்யாதது இன்னொரு வழக்கைக் கட்டுப்படுத்தாது. சுருக்கம் எழுதியவர் அதைக் கவனிக்கவில்லை.

"தப்பிச்சோம்" என்றார் மோளி.

"அந்த வக்கீல் ஏன் அத விட்டாரு?"

"அவருக்கு ரயிலப் பிடிக்கணும். அந்த ஒண்ண விட்டுருங்க, இன்னைக்கே முடிச்சுரலாம்னு கோர்ட்டு வராந்தாவுல நான்தான் சொன்னேன்."

"வேலை போன ஆளுக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சிருக்காது."

ஜலஜா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நேரமாச்சு, வாங்க."

நீதிமன்றத்தில் ஆலையின் வக்கீல் விபின்தாஸ் அதே தீர்ப்பை நீட்டினார். "மேடத்தோட தீர்ப்புதான் சார். மேடமே அத எதுத்துப் பேச மாட்டாங்க." பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க ஜெயிச்ச கேஸாச்சே?"

"பதினாலாம் பத்திய ஒருதரம் பாருங்க சார். இந்த விஷயத்துல நான் ஜெயிக்கல. அவங்க விட்டுட்டாங்க."

நீதிபதி புரட்டினார். விபின்தாஸும் புரட்டினார், அவர் அச்செடுத்திருந்தது முதல் இரண்டு பக்கங்கள் மட்டும்.

"மிச்சம் எங்கே?" என்றார் நீதிபதி.

"சுருக்கம் தெளிவா இருந்துது சார்" என்றார் விபின்தாஸ். இந்த முறை சிரிப்பு கொஞ்சம் பலமாகவே வந்தது. மோளி முழுத் தீர்ப்பின் நகலை நீதிபதியிடம் நீட்டினார்.

இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. விசாரணை செல்லாது, குற்றச்சாட்டை ஆலை இனி நீதிமன்றத்தில் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். வேலை இன்னும் கைக்கு வரவில்லை, ஆனால் கதவு திறந்திருந்தது.

எதிர்ச் சாயாக்கடையில் பழம்பொரியைப் பிட்டபடி ஜலஜா கேட்டார். "அந்த ஓட்டுக் கம்பெனி ஆளு பேரு என்ன?"

"சதாசிவன்."

"இப்ப எங்க இருக்காரு?"

"தீர்ப்புல பேரு மட்டும்தான் இருக்கு."

"என் நாத்தனார் புருஷன் அந்தக் கம்பெனி யூனியன்ல இருந்தவரு. கேட்டா சொல்லுவாரு."

"கேட்டு?"

"வீடு எங்கன்னு உங்ககிட்ட சொல்றேன். வராந்தாவுல நின்னவங்க நீங்கதானே, மிச்சத்த நீங்கதான் சொல்லணும்."

மோளி சாயாவைக் குடித்து முடித்தார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, தன் எண்ணை உத்தரவு நகலின் பின்பக்கத்தில் எழுதி ஜலஜாவிடம் கொடுத்தார்.

"அவருக்கு இத முதல்ல குடுங்க. வேணும்னா அவரே கூப்பிடட்டும்."